பெயின்டரைத் திட்டுமுன்...

ஜவுளிக் கடையில் உங்கள் அம்மா புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் பத்துத் துணிகளைப் பிரித்துப் போடுவார். "இது அப்படியே ஒட்டிக்கும்மா" என்பார். அம்மா அவர் பேச்சை நம்புவதில்லை. புடவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே ஒன்றாக இருந்த இரண்டு பச்சைகளில் ஒன்று நீலம் பாய்ந்ததாகவும், மற்றொன்று மஞ்சள் பாய்ந்ததாகவும் மாறி நிற்கும். மறுபடி உள்ளே போவார். உங்களுக்கோ கால் வலி. "ஏதாவது ஒண்ணை எடும்மா, போகலாம்" என்று முணுமுணுத்திருப்பீர்கள்.

அம்மா செய்தது சிறந்த இயற்பியல் சோதனை. அந்தச் சோதனையைச் செய்யத் தவறியதால் நான் ஒருமுறை ஒரு நல்ல மனிதரிடம் வீண் சண்டை போட்டேன். அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

என் காரின் இடப்பக்க முன்கதவை ஓர் ஆட்டோ உரசிவிட்டது. வெள்ளி நிறக் கார். பட்டறையில் விட்டேன். ஒடுக்கை எடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்து நான்காம் நாள் தயார் என்றார்கள். இரவு ஏழு மணிக்குப் போனேன். கொட்டகைக்குள் குழல் விளக்கு எரிந்தது. கதவும் காரும் ஒரே வார்ப்பாகத் தெரிந்தன. "காலையில வந்து வெளிச்சத்துல பாத்துட்டு எடுத்துக்குங்க சார்" என்றார் பெயின்டர். எனக்கு அவசரம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தால், கதவு தனியாக நிற்கிறது! கார் வெள்ளி, கதவு சற்றே நீலம் கலந்த வெள்ளி. நேரே பட்டறைக்குப் போய்க் கத்தினேன். மட்டமான பெயின்டை அடித்து ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். அவர் என்னைவிட மூத்தவர். கையைத் துடைத்துக்கொண்டே, "ராத்திரி டியூப்லைட்டுல பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னது நீங்கதானே சார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மாணவ நண்பர்களே! என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறம் சேரவில்லை என்றவுடன் பெயின்டரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டுவது விஞ்ஞானம் அறியாதவர் செயல். கார்ப் பட்டறையில் நிறம் சேர்ப்பது, நம் பாடப் புத்தகத்தில் ஒளியியல் முடிகிற இடத்துக்கு அப்பால் தொடங்கும் ஒரு கலை. அதைச் செய்பவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பும் கூலியும் போதாது. பாதுகாப்பு, அதைவிடப் போதாது.

ஏமாற்றுகிற பட்டறைகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்கவும் முதலில் நிறம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

"சிவப்பு ஒளியை எதிரொளித்து, மற்ற நிறங்களை உட்கவரும் பொருள் சிவப்பாகத் தெரியும்" என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. பொருள் என்ன செய்கிறது என்பதை இது சொல்கிறது. எந்த ஒளி அதன்மேல் விழுந்தது, எந்தக் கண் அதைப் பார்த்தது என்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. பெயின்டருக்குத் தலைவலி தருவதே விட்டுப்போன அந்த இரண்டும்தான்.

முதலில் கண். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒரு வகை சுமார் 420 நானோமீட்டர் அலைநீளத்திலும், அடுத்தது 530-லும், மூன்றாவது 560-லும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. ஒரு பெயின்ட் 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்தையும் எவ்வளவு எதிரொளிக்கிறது என்று வரைபடம் போட்டால் மேடும் பள்ளமுமாக ஒரு நீண்ட வளைகோடு வரும. அந்த வளைகோட்டைக் கண் பார்ப்பதில்லை. மூன்று கூட்டுத்தொகைகளைத்தான் மூளைக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். இரண்டு மாணவர்கள் கணக்குத் தேர்வில் ஆளுக்கு 60 மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒருவன் இயற்கணிதத்தில் புலி, வடிவியலில் சுமார். மற்றவன் நேர் எதிர். மதிப்பெண் அட்டையில் இருவரும் ஒன்றுதான். அடுத்த தேர்வில் ஆசிரியர் வடிவியல் வினாக்களைக் கூட்டிவிட்டால்? இருவரும் பிரிந்துவிடுவார்கள். மாணவர்கள் மாறவில்லை, வினாத்தாள் மாறிவிட்டது.

பெயின்டுக்கு விளக்குதான் வினாத்தாள். தொழிற்சாலையில் ஒரு நீலத்தை உண்டாக்கப் பயன்பட்ட நிறமி வேறு. பட்டறை டின்னில் உள்ள நிறமி வேறாக இருக்கலாம். வளைகோடுகள் வேறு வேறு. ஆனால் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மூன்று கூட்டுத்தொகைகளும் ஒன்றாக வந்துவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். வெளிச்சத்தை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஜவுளிக் கடை வாசலில் அம்மா கண்டுபிடித்ததும், என் கார்க் கதவு காலையில் காட்டிக்கொடுத்ததும் இதைத்தான்.

விளக்குகளிலும் எத்தனை விதம்! இழை பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. குழல் விளக்கில் பாதரசத்துக்கே உரிய 436, 546 நானோமீட்டர் கோடுகள் முள் முள்ளாக எழுந்து நிற்கும். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் 450 நானோமீட்டர் அருகே ஒரு நீலக் கூர்முனையும், அதை அடுத்து மஞ்சள் பொருள் தரும் ஒரு பரந்த மேடும் இருக்கும். பகலிலும் நேர் வெயில் வேறு, நீல வானத்தின் நிழல் வெளிச்சம் வேறு. தாழ் அழுத்தச் சோடியம் விளக்கு எல்லாவற்றிலும் வேடிக்கையானது. அது தருவது ஏறக்குறைய 589 நானோமீட்டர் மஞ்சள் மட்டுமே. அதன் கீழே சிவப்புக் கார், நீலக் கார் என்ற பேச்சே கிடையாது. எல்லாம் சாம்பலும் கருப்பும்தான்.

"எதற்கு இந்தத் தொல்லை? காரின் நிற எண்தான் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டப்பட்டிருக்கிறதே. அதைப் பார்த்துக் கலந்துவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். அந்த எண், கார் பிறந்த அன்று அதற்கு இட்ட பெயர். இன்று அதன் முகம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரே எண் உள்ள நிறம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி இம்மி மாறும். அதனால்தான் பெயின்ட் கம்பெனிகளே ஒரே எண்ணுக்குப் பல மாற்றுக் கலவைகளை வெளியிடுகின்றன.

தொழிற்சாலையில் வெறும் இரும்புக் கூட்டுக்குப் பெயின்ட் அடித்து, சுமார் 140 டிகிரி செல்சியசில் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். பட்டறையில் அது முடியாது. காருக்குள் ரப்பர், பிளாஸ்டிக், வயர் எல்லாம் இருக்கின்றனவே! நல்ல பட்டறையில் 60 டிகிரி சூட்டில் காயவைப்பார்கள்; சாதாரணப் பட்டறையில் நம் வெயில்தான் அடுப்பு. ஆக, பெயின்டே வேறு வகை.

வெயில் செய்யும் வேலையும் உண்டு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நிறமியையும், நிறமியைப் பிடித்திருக்கும் பிசினையும் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. கூரையும் பானெட்டும் முதலில் வெளிறும், கதவுகள் பின்னால். ஆகவே ஐந்து வருடம் வெயிலில் நின்ற காரில் 'காரின் நிறம்' என்று ஒன்று இல்லை. இடத்துக்கு ஒரு நிறம். மேல் அழுக்கையும் சிதைந்த மேல்தோலையும் பாலிஷ் போட்டு நீக்கிய பிறகுதான் நிறம் பார்க்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் அழுக்கோடு நிறம் சேர்த்துவிட்டு, பிறகு காரைக் கழுவிப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

வெள்ளைக் கார் என்றால் சுலபம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வெள்ளை என்பது டைட்டேனியம் டை ஆக்சைடோடு துளி கருப்பு, துளி மஞ்சள், சில சமயம் துளி நீலம் சேர்ந்தது. ஒரு டின்னில் கருப்பு சில சொட்டுக் கூடினால் போதும், கண் கண்டுபிடித்துவிடும். ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை தன் டி மாடல் கார்களைக் கருப்பில் மட்டுமே விற்றது. அந்தக் காலத்துப் பெயின்டருக்கு என்னைப் போன்ற வாடிக்கையாளர்கள் குறைவாகத்தான் வாய்த்திருப்பார்கள்!

இனி, என் கார்க் கதையின் உண்மையான வில்லனுக்கு வருகிறேன். மெட்டாலிக் பெயின்ட்.

மயில்கழுத்துப் பட்டுப்புடவையைப் பார்த்திருக்கிறீர்களா? பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. 'இந்தப் புடவையின் நிறம் என்ன?' என்று கேட்டால், 'எங்கே நின்று பார்க்கிறாய்?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். வெள்ளி நிறக் காரும் அப்படியே. அதன் நிறப் பூச்சில் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. பூச்சின் கனம் சுமார் 15 முதல் 20 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் ஆயிரமாயிரம் குட்டிக் கண்ணாடிகள். அவை தரையில் பரப்பிய ஓடுகள்போல மட்டமாகப் படிந்தால், நேரே பார்க்கையில் பளிச்சென்றும் சாய்த்துப் பார்க்கையில் இருண்டும் தெரியும். தாறுமாறாகச் சாய்ந்து நின்றால், நேரே மங்கும். சாய்வில் அவ்வளவு இருளாது. கலவையில் ஒரு சொட்டும் மாறவில்லை. செதில்கள் படுத்த விதம் மட்டுமே மாறியது!

செதில் எப்படிப் படுக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது? பெயின்டரின் கை. ஸ்ப்ரே கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, காற்றழுத்தம் கூட்டி, விரைவாக அடித்தால் பூச்சு உலர்வாக விழுந்து வெளுத்துத் தெரியும். கிட்டப் பிடித்து ஈரம் சொட்ட அடித்தால் செதில்கள் நீந்தித் திரும்பி, நிறம் கறுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும் வகையா, மெதுவான வகையா என்பதும் கணக்கு. சித்திரை மாத நடுப்பகலில் கன்னிலிருந்து புறப்பட்ட துளி, கதவைத் தொடுமுன்பே பாதி உலர்ந்துவிடும். அதே டின், அதே கை, மார்கழிக் காலையில் வேறு நிறம் தரும். ஒரே டின்னை இரண்டு பெயின்டர்களிடம் கொடுத்தால் இரண்டு வெள்ளி நிறம் கிடைக்கும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அதனால் நல்ல பெயின்டர் கலவையை நேரே காரில் அடிப்பதில்லை. ஒரு சிறு அட்டையிலோ தகட்டிலோ, காரில் அடிக்கப் போகும் அதே வேகத்தில், அதே தூரத்தில் அடித்து, மேலே கிளியர் கோட்டும் பூசி, காயவிட்டு, காரின்மேல் வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் பார்த்த நிறம் நிறமே அல்ல; கிளியர் பூசியவுடன் நிறம் ஆழ்ந்துவிடும். அட்டையை நேரே பார்ப்பார், குனிந்து பார்ப்பார், பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை. தெருவில் போகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவரோ மூன்று கோணங்களில் ஒளிமானி வேலை செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் ஓரிரு நொடிதான் பார்ப்பார். உடனே கண்ணை வேறு பக்கம் திருப்புவார். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கூம்புச் செல்கள் அந்த நிறத்துக்குப் பழகிச் சோர்ந்து, வேறுபாடு மறைந்துவிடும். சிவப்புக் காரை நெடுநேரம் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சை நிழல் தெரியும், சோதித்துப் பாருங்கள். முதல் பார்வையை நம்பு என்று அவருக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. இருபது வருடத் தொழில் சொல்லித் தந்தது.

"இப்போதுதான் கருவி வந்துவிட்டதே!" என்பீர்கள். வந்துவிட்டது. காரின்மேல் வைத்து அழுத்தினால், 15, 45, 110 டிகிரி போன்ற பல கோணங்களில் எதிரொளிப்பை அளந்து, கலவையையே சொல்லிவிடும் நிறமாலை ஒளிமானிகள் இருக்கின்றன. வரவேற்கிறேன். அந்தக் கருவிக்குள்ளும் மனிதக் கண்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அளந்த வளைகோட்டை நிறமாக மாற்ற 'சராசரிக் கண்' ஒன்று வேண்டும். 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் என்பவர் 10 பேரையும், ஜான் கில்டு என்பவர் 7 பேரையும் வைத்து, நிறங்களைச் சேர்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். அந்த 17 பேரின் கண்களிலிருந்து 1931-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் ஒரு தரக் கண்ணை வகுத்தது. 1964-இல் அகன்ற பார்வைப் பரப்புக்கு இன்னோர் அட்டவணை வந்தது. உலகெங்கும் உள்ள நிறமானிகள் இந்த அட்டவணைகளையே நம்பியிருக்கின்றன.

கருவி கலவையைச் சொல்லும், செதிலைப் படுக்கவைக்காது. கடைசியில் கன்னைப் பிடிப்பது கைதான். ஆகவே கருவி வந்ததால் பெயின்டர் தேவையில்லை என்பவர்கள் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். கருவியே வேண்டாம், என் கண் போதும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெயின்டர்களும் அப்படித்தான். வயது ஏற ஏற நம் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. நீல வேறுபாடுகள் மங்குகின்றன. அறுபது வயதுக் கண்ணும் இருபது வயதுக் கண்ணும் ஒரே கருவி அல்ல.

கண்ணிலேயே பிறவி வேறுபாடும் உண்டு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன், தமக்குச் சிவப்பும் பச்சையும் மற்றவர்களைப்போலத் தெரியவில்லை என்பதை 1794-இல் ஓர் அவையில் விவரித்தார். தம் கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாக இருக்கும் என்று அவர் கருதினார். இறந்த பிறகு அறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995-இல் மரபணுவைச் சோதித்தபோதுதான் நடு அலைக் கூம்புக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. பெயின்டிங் தொழிலுக்குப் போக விரும்பும் மாணவன் தன் கண்ணை முன்னதாகவே சோதித்துக்கொள்வது நல்லது. அதில் வெட்கம் ஏதும் இல்லை, டால்டனே துணை.

இப்போது சச்சரவின் மையத்துக்கு வருவோம். அன்று என் சண்டை ஓய்ந்த பிறகு பெயின்டர் சொன்னார்: "சார், நான் முன்னாடியே பக்கத்துப் பேனல்லயும் லேசா ஓட்டிவிடலாம்னு சொன்னேன். ஒரு கதவுக்குத்தானே அடி, எதுக்கு மூணுக்குக் காசுன்னு கேட்டீங்க." உண்மை. நான் அப்படித்தான் கேட்டேன். காசு பிடுங்க வழி தேடுகிறார் என்றே நினைத்தேன்.

அவர் சொன்ன வேலை இதுதான். அடிபட்ட கதவில் நிறத்தை முழுதாக அடித்து, அடுத்த பேனலின் ஓரத்தில் அதைச் சிறிது சிறிதாக மெலியவிட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவது. பிறகு அந்தப் பேனல் முழுவதற்கும் கிளியர் கோட். புது நிறத்துக்கும் பழைய நிறத்துக்கும் வேறுபாடு இருக்கவே இருக்கிறது. ஆனால் அது தொடங்கும் இடம் எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். என் பதில், இல்லை என்பதே. நம் கண் நிறத்தை அளக்கும் கருவியல்ல. வேறுபாட்டைத் தேடும் கருவி. அதுவும் விளிம்பில்தான் தேடும். எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே, ஒளி மாறும் எல்லைகளில் கண் தானாகவே ஒரு வெளுத்த கோட்டையும் ஒரு கறுத்த கோட்டையும் சேர்த்துக் காட்டுகிறது என்று எழுதினார். அவருக்கும் முன்னால் பிரான்சில் செவ்ரல் என்ற வேதியியலார் இருந்தார். பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைவர். அங்கே கருப்பு நூலுக்குச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார். அவர் நூலைச் சோதித்தார். சாயம் நன்றாகவே ஏறியிருந்தது. பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கச் செய்தன! சாயக்காரர்மேல் பழி, குற்றவாளியோ பக்கத்து நூல். இதைப் பற்றி அவர் 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். செவ்ரலிடம் புகார் சொன்னவர்களும் நானும் ஒரே வகுப்பு.

வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்துப் பாருங்கள். அதே டின்னாக இருந்தாலும் திட்டாகத் தெரியும். அனுபவசாலி, சுவரை மூலை வரை அடித்து மூலையில் நிறுத்துவார். மூலையில் ஒளி விழும் கோணம் மாறுவதால் கண் வேறுபாட்டை மன்னித்துவிடும். புதுக் காரிலேயே கூட, பிளாஸ்டிக் பம்பர் பக்கத்து இரும்புப் பகுதியைவிட இம்மி மாறித் தெரிவதை நீங்கள் சில கார்களில் காணலாம். தொழிற்சாலைக்கே முழுமையாகக் கைகூடாததைத் தெருமுனைப் பட்டறையிடம் கேட்கிறோம்.

பெயின்டர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பக்கத்துப் பேனலைத் தொடப் போகிறேன் என்பதை முன்னரே சொல்லி, உரிமையாளரின் சம்மதம் பெற வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்டின் கனத்தை அளந்து பார்த்து, 'இந்தக் கதவும் அடிபட்டதோ' என்று விலையைக் குறைக்கிறார்கள். ஆகவே சொல்லாமல் செய்தால் தவறு. சொல்லியும் கேட்காத என்னைப் போன்றவர்களுக்கு நீலக் கதவுதான்.

இதுவரை கண்ணைப் பற்றியே பேசினேன். மூச்சைப் பற்றியும் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் இல்லை.

அன்று அவர் பேசும்போது இருமிக்கொண்டே பேசினார். முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை. இக்காலக் கிளியர் கோட்டில் கலக்கப்படும் ஹார்டனரில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. 1984-இல் போபாலில் கசிந்த மெதில் ஐசோசயனேட்டும் இந்தக் குடும்பமே. ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல, பயந்துவிட வேண்டாம். கார் பெயின்டில் உள்ளவற்றின் தீமை வேறு விதம். அவற்றின் நுண்துளிப் பனியைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறவைக்கப் போதும். அத்தோடு அவர் தொழிலே முடிந்தது. தீங்கு செய்யும் அளவிலும் அவற்றின் வாசனை பெரும்பாலும் தெரியாது என்பது இதில் கொடுமை. தின்னர் வாடை மூக்கைத் துளைக்கிறதே, அதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

கைக்குட்டையும், துணி முகமூடியும், மருந்துக் கடை முகமூடியும் இதற்குப் பயன்படா. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் பொருத்தம். கூடவே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய அறையும் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவு பெயின்ட் கூலியில் சேரும். நாமோ இரண்டு பட்டறைகளில் விலை கேட்டு, குறைவாகச் சொன்ன இடத்தில் காரை விடுகிறோம். குறைவாகச் சொல்ல முடிந்தது எதனால் என்று கேட்பதில்லை. கதவில் ஓர் இம்மி நீலம் கூடியதற்குக் கத்தத் தெரிந்த எனக்கு, ஒரு மனிதர் கைக்குட்டையோடு நிற்பது கண்ணில் படவில்லை. அவருடைய கண் எனக்காக அவ்வளவு நுட்பமாக உழைத்திருக்கிறது. என் கண் அவருக்காக அந்த அளவுகூட உழைக்கவில்லை.

கதவை அவர் மறுபடி அடித்துக் கொடுத்தார். இம்முறை மூன்று பேனலுக்கும் காசு கொடுத்தேன். "எந்த வெளிச்சத்துல வந்து பாக்கட்டும் அண்ணே?" என்று கேட்டேன். "பத்து மணிக்கு வாங்க. சாயந்திரம் நாலுக்கு இன்னொரு தடவ வாங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் நிற்கும் வெள்ளி அல்லது சாம்பல் நிறக் கார் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். காலையிலும், நடுப்பகலிலும், மாலையிலும், தெருவிளக்கு எரிந்த பிறகும் பாருங்கள். முன்னால் நின்று ஒருமுறை, பின்பக்கமிருந்து பக்கவாட்டாக ஒருமுறை. கதவு, பம்பர், பானெட் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பேனல் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா? ஊகித்த பிறகு உரிமையாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள். உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போய், அவர் மட்டும் ஒரு கதவைச் சுட்டிக் காட்டினால், அந்தப் பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.